மலைக்கு வந்து சேரும் மழை

தமிழில் 'சாரல்' என்றால் இரண்டு பொருள். மலையின் சரிவும் சாரல்தான், காற்று தள்ளிக்கொண்டு வரும் தூறலும் சாரல்தான். ஆனி ஆடியில் குற்றாலத்தில் நின்றவர்களுக்கு இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வது இயல்பாகவே தோன்றும். தலைக்கு மேலே வெயில் எட்டிப் பார்க்கும். மேற்கே மலை உச்சியில் மட்டும் மேகம் கவிந்திருக்கும். அங்கிருந்து பொடிப்பொடியாகத் துளிகள் பறந்துவந்து முகத்தில் ஒட்டும். மழை பெய்வது மலைக்கு அந்தப் பக்கம், நனைவது இந்தப் பக்கம்.

பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது வேறு. ஈரக்காற்று மலையில் மோதும், மேலே ஏறும், குளிரும், மழையாகக் கொட்டும்; மறுபக்கம் மழை மறைவுப் பிரதேசம். அம்புக்குறி போட்ட அந்தப் படத்தைப் பரீட்சையில் வரையாதவர்கள் குறைவு. அந்தப் படம் தப்பில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு குற்றாலச் சாரலைக்கூட முழுசாக விளக்க முடியாது. ஒரே மலை, ஒரே திசைக் காற்று என்றாலும் ஒரு நாள் உச்சி நனைகிறது, இன்னொரு நாள் மலைக்கு முன்னால் உள்ள சமவெளியிலேயே மழை கொட்டித் தீர்க்கிறது. அது ஏன் என்று அந்தப் படம் சொல்லாது. உலகின் மிக உயரமான இடிமேகங்களில் சில, பாலைவனத்தை ஒட்டிய மலையடிவாரத்தில் எழுகின்றன. அதற்கும் அதில் பதில் இல்லை.

இந்தக் கேள்விகளோடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டியவர் ராபர்ட் ஹௌஸ் என்ற அமெரிக்க வளிமண்டல அறிவியலாளர். 1972-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டாக்டர் பட்டம் முடித்து, அதே ஆண்டு சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆல்ப்ஸ், ஒலிம்பிக் மலைகள், இமயமலை, ஆண்டீஸ் என்று அவரும் அவருடைய மாணவர்களும் ஆராயாத மலைத்தொடர்கள் குறைவு. அவருடைய ஆய்வுகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் எனக்குக் கிடைக்கும் செய்தி இதுதான்: மலை தானாக மழையை உண்டாக்குவது அபூர்வம். மழை மேகம் பெரும்பாலும் வேறெங்கோ உருவாகி, தனக்கென்று ஒரு குணத்தோடு மலைக்கு வந்து சேர்கிறது. மலை அதன் போக்கை மாற்றுகிறது. எப்படி மாற்றும் என்பது வந்த மேகம் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது.

ஹௌஸ் மலையில் தொடங்கவில்லை, கடலில் தொடங்கினார். 1974-ல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிய அட்லாண்டிக் கடலில், சுமார் 40 கப்பல்களோடு ஒரு மாபெரும் பன்னாட்டு ஆய்வு நடந்தது. கேட் என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். வெப்பமண்டல மழை என்றால் உயர உயரமாக எழும் இடிமேகங்கள் கொட்டுவது என்றுதான் அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். கப்பல் ரேடார்கள் வேறொன்றைக் காட்டின. இடிமேகம் கொட்டி முடித்து வயசான பிறகு, அதன் மேல்பகுதி பெரிய கூரை மாதிரி பரவி நிற்கிறது. அந்தக் கூரையிலிருந்து பனித்துகள்கள் மெதுவாக இறங்கி, வழியில் உருகி, மணிக்கணக்காக நிதானமான மழையாகப் பெய்கின்றன. பனி உருகும் உயரத்தில் ரேடார் திரையில் ஒரு பளிச்சென்ற பட்டை தெரியும். உருகத் தொடங்கிய பனிச்சீவலின் மேல் நீர்ப்படலம் ஒட்டியிருப்பதால், அது பெரிய நீர்த்துளி போல அலையைத் திருப்பி அனுப்புகிறது. அந்தப் பட்டை தெரிந்தால் அங்கே பெய்வது அடுக்கு மேக மழை. பின்னாளில் செயற்கைக்கோள் ரேடார் தரவுகளை வைத்து கோர்ட்னி ஷூமாக்கரும் ஹௌஸும் கணக்குப் போட்டார்கள். வெப்பமண்டலத்தில் பெய்யும் மழையில் சுமார் 40 சதவீதம் இந்த அடுக்கு மழைதான்.

ஆக, கொட்டும் மழை, நிதானமான மழை என்று இரண்டு. இரண்டும் மலைக்கு வந்தால் என்ன ஆகும்?

அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. இதைப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு மலை மழை புரியவே தொடங்கியது. பெரிய மழைத்துளி நொடிக்கு ஆறேழு மீட்டர் வேகத்தில் விழும். பனிச்சீவல் நொடிக்கு ஒரு மீட்டர்தான் இறங்கும். 3 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் பனிச்சீவலுக்கு 50 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் காற்றடித்தால், அது 45 கிலோமீட்டர் தள்ளிப் போய்தான் விழும். மழைத்துளியோ ஏழெட்டு நிமிடத்தில் இறங்கிவிடும்; ஆறேழு கிலோமீட்டருக்குள் அதன் கதை முடிந்தது. மேகத்துக்குள் நீர் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதே அது மலையின் எந்தப் பக்கம் விழும் என்பதில் பெரும்பங்கு வகிக்கிறது. குற்றாலச் சாரலில் பனி கிடையாது. ஆனால் கால் மில்லிமீட்டர் அளவுள்ள பொடித்துளியும் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் இறங்கும். அதனால் உச்சியில் பிறந்த துளி காற்றோடு மலையைத் தாண்டி, இந்தப் பக்கம் நிற்பவர் முகத்தில் விழுகிறது.

சரி, ஆல்ப்ஸுக்கு வருவோம். 1994 நவம்பரில் இத்தாலியின் பியட்மான்ட் பகுதியில் பெருவெள்ளம் வந்து ஏறத்தாழ 70 பேர் இறந்தார்கள். தெற்கே மத்தியதரைக்கடல், வடக்கே வில் போல வளைந்த ஆல்ப்ஸ். இலையுதிர் காலத்தில் அந்த வளைவுக்குள் ஈரக்காற்று புகுந்தால் வெள்ளம் வருவது அங்கே வழக்கம். இதைப் புரிந்துகொள்ள 1999 செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஒரு பெரிய கள ஆய்வு நடந்தது. மஜோரே ஏரியைச் சுற்றி ரேடார்களை நிறுத்தினார்கள். அவற்றில் ஒன்று, எதிரே இருப்பது மழைத்துளியா, பனிச்சீவலா, ஆலங்கட்டியின் சிறு வடிவமா என்று பிரித்துச் சொல்லக்கூடியது. லாரியில் ஏற்றிய இன்னொரு ரேடார் பள்ளத்தாக்குக்குள்ளேயே போய் நின்றது.

அங்கே ஹௌஸும் சொக்கோரோ மெதினாவும் ஒன்றோடொன்று ஒப்பிட்டது இரண்டு புயல்களை. செப்டம்பர் 20-ஆம் தேதி வந்த புயலில் கீழ்மட்டக் காற்று வேகமாகவும் நிலைகொள்ளாமலும் இருந்தது. முதல் சரிவைத் தொட்டதும் தாவி ஏறியது. அந்த இடத்திலேயே சிறு சிறு குமிழ்களாக மேகம் பொங்கியது. பனிச்சீவல்கள் குளிர்ந்த நீர்த்துளிகளைத் தங்கள்மேல் ஒட்டிக்கொண்டு, கனத்து, சட்டென்று அங்கேயே விழுந்தன. கனத்த துகளுக்குக் காற்றோடு தொலைதூரம் போக நேரமில்லை. முதல் மலைமுகட்டின் மேல் ரேடார் இந்தக் கனத்த துகள்களைத் தெளிவாகக் காட்டியது. நாம் படித்த பாடப்புத்தகப் படத்துக்கு ஓரளவு பக்கத்தில் வரும் புயல் இது.

அக்டோபர் 21-ஆம் தேதி வந்தது அதற்கு நேர்மாறு. மலைக்குத் தெற்கே போ ஆற்றுச் சமவெளியில் குளிர்ந்த, கனமான காற்று தேங்கிக் கிடந்தது. அதற்கு மலையேறத் தெம்பில்லை. ஈரக்காற்று அந்தக் குளிர்காற்றுக் குட்டையின் மேல் ஏறி வழுக்கிக்கொண்டு வந்தது. அதாவது, மலையைத் தொடுவதற்கு வெகுதூரம் முன்பே, சமவெளிக்கு மேலேயே அது ஏறத் தொடங்கிவிட்டது. மழையும் நிதானமான அடுக்கு மழையாக அகன்று பெய்தது. இதைவிட ஆச்சரியம் பள்ளத்தாக்கில் நின்ற லாரி ரேடாரில் தெரிந்தது. மேலே புயல்காற்று மலையை நோக்கி வீசிக்கொண்டிருந்தபோது, டோச்சே ஆற்றுப் பள்ளத்தாக்கில் கீழ்மட்டக் காற்று மலையிலிருந்து வெளியே, சமவெளியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மேலிருந்து விழும் பனி உருகும்போது சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சும். குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கிவிடும். மழையே மலைக்குள் வரும் காற்றின் திசையைத் திருப்புகிறது!

அப்படியானால் கீழ்க்காற்று இப்படி மலையேற முடியாமல் தடுக்கப்படும் நாளில் மலைச்சரிவில் மழை குறையத்தானே வேண்டும்? அதுவும் நடக்கவில்லை. அப்புறம் 2001-ல் ஓரிகான் மாநிலத்தின் காஸ்கேட் மலைகளில் நடந்த ஆய்வையும் சேர்த்துப் பார்த்தபோது மெதினாவும் ஹௌஸும் ஒரு காரணம் சொன்னார்கள். கீழே மெதுவாக நகரும் காற்று, மேலே விரைந்தோடும் காற்று. இரண்டும் உரசும் இடத்தில் சுழல்கள் உண்டாகின்றன. அந்தச் சுழல்கள் நீர்த்துளிகளை மேலே தூக்கி, ஒன்றோடொன்று மோதவைத்துப் பெரிதாக்குகின்றன. மேலிருந்து வரும் பனிச்சீவல் இந்த அடுக்கைக் கடக்கும்போது துளிகளை வாரிக்கொண்டு விழுகிறது. பெரிய மலையேற்றம் இல்லாமலே, உரசலே போதும் என்கிற இந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. எந்தப் பாடப்புத்தகப் படத்திலும் நான் இதைப் பார்த்ததில்லை.

ஹௌஸுக்குப் பக்கத்திலேயே ஒரு மலை இருந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், பசிபிக் கடலைப் பார்த்து நிற்கும் ஒலிம்பிக் மலைகள். அதன் மேற்குச் சரிவில் உள்ள குவினால்ட் காட்டில் ஆண்டுக்கு 3 மீட்டருக்கு மேல் மழை பெய்யும். அங்கிருந்து நேர்கோட்டில் 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் செக்விம் என்ற ஊரில் 40 சென்டிமீட்டர் அளவுதான். 2015 நவம்பரில் தொடங்கிய குளிர்காலத்தில் நாசா அங்கே ஒரு கள ஆய்வு நடத்தியது. 2014-ல் ஏவப்பட்ட மழை அளக்கும் செயற்கைக்கோள் சொல்வது சரிதானா என்று தரையிலிருந்து சோதிப்பது முதல் நோக்கம். லின் மெக்மர்டியும் ஹௌஸும் அதை முன்னின்று நடத்தினார்கள். மேகத்துக்கு மேலே பறக்கும் விமானங்கள், மேகத்துக்குள்ளேயே புகுந்து துகள்களைப் படமெடுக்கும் ஒரு விமானம், கடற்கரையிலும் ஏரிக்கரையிலும் ரேடார்கள், பள்ளத்தாக்கு நெடுக மழைமானிகள் என்று ஏற்பாடு. தெரியவந்ததில் முக்கியமானது: புயலின் வெதுவெதுப்பான பகுதி கடந்துபோகும்போதுதான் சரிவில் மழை மிகவும் கூடுகிறது. அப்போது மேலிருந்து விழும் பனி மட்டும் காரணமில்லை. கீழ்மட்டத்திலேயே எண்ணற்ற சிறு துளிகள் பிறந்து சேர்ந்து பெய்கின்றன. விண்ணிலிருந்து பார்க்கும் ரேடாருக்குத் தரையை ஒட்டிய இந்தப் பகுதிதான் சரியாகத் தெரியாது. மலைத் தரையிலிருந்து வரும் எதிரொலி அங்கே மழையின் எதிரொலியை மூடிவிடும்.

இனி நமக்குப் பக்கத்து மலை. 1997 நவம்பரில் ஜப்பானின் தனெகஷிமா தீவிலிருந்து டி.ஆர்.எம்.எம். என்ற செயற்கைக்கோள் ஏவப்பட்டது. மழையைப் பார்ப்பதற்கென்றே ரேடாரைச் சுமந்து சென்ற முதல் செயற்கைக்கோள் அது. ரேடார் கொண்டுபோய் வைக்க முடியாத இமயமலையை முதன்முறையாக மேகத்துக்குள் ஊடுருவிப் பார்க்க முடிந்தது. 2007-ல் ஹௌஸும் அவருடைய குழுவினரும் பருவமழைக் காலப் புயல்களை வகை பிரித்தார்கள். பலத்த எதிரொலி 10 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் எட்டும் ஒல்லியான மேகங்கள் ஒரு வகை. அதே பலத்த எதிரொலி 1,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவியவை இன்னொரு வகை. 50,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த அடுக்கு மழை மூன்றாவது. தமிழ்நாட்டின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பரப்பில் ஒரே மழை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், ஒல்லியான, மிக உயரமான மேகங்கள் குவிந்திருந்தது சிரபுஞ்சி பக்கம் அல்ல. பாகிஸ்தானின் வடக்கும் இந்தியாவின் வடமேற்கும் சேரும் மூலையில், மழை குறைவான மலையடிவாரத்தில். அகன்ற அடுக்கு மழை கிழக்கே, வங்காள விரிகுடாத் தாழ்வு மண்டலங்கள் போகும் வழியில்.

மேற்கு மூலையில் நடப்பது குக்கர் கதைதான். அரபிக்கடலிலிருந்து ஈரக்காற்று தாழ்வாக, பாலைவனத்தைக் கடந்து வருகிறது. ஆப்கானிஸ்தானின் உயர்நிலத்திலிருந்து சூடான வறண்ட காற்று இறங்கி அதற்கு மேலே மூடி போட்டதுபோல் படிகிறது. கீழே ஈரமும் வெப்பமும் ஏறிக்கொண்டே போனாலும் மூடி திறக்காத வரை மேகம் எழாது. ஈரக்காற்று மலையடிவாரத்துச் சிறு குன்றுகளில் ஏறும்போது மூடி ஓர் இடத்தில் திறந்துகொள்கிறது. அடக்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியேறுகிறது. இமயத்தின் முழு உயரமும் இதற்குத் தேவையில்லை, அடிவாரக் குன்றே போதும். அர்ஜென்டினாவில் ஆண்டீஸுக்குக் கிழக்கே, கோர்டோபா குன்றுகளிலும் இதே கதை நடப்பதைக் கிறிஸ்டன் ராஸ்முஸனும் ஹௌஸும் காட்டினார்கள்.

இந்த வகைப்பாடு வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை என்பது 2010-ல் தெரிந்தது. அந்த ஜூலைக் கடைசியில் பாகிஸ்தானில் வந்த வெள்ளம் நாட்டின் ஐந்தில் ஒரு பங்கை மூழ்கடித்தது. 2 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். அந்த மூலைக்கு இடிமேகம் புதிதல்ல. புதிதாக இருந்தது வேறு: கிழக்கே பெய்ய வேண்டிய அகன்ற அடுக்கு மழை மேற்கே வந்து நின்றது. வளிமண்டலத்தின் வழக்கமான ஓட்டம் அந்த நாள்களில் மாறியிருந்தது. ரஷ்யாவை வெப்ப அலை வாட்டிய அதே சமயம் அது. வங்காள விரிகுடாவின் ஈரம் வழக்கத்துக்கு மாறாக மேற்கு வரை போனது. இடிமேகம் ஓர் ஓடையை நிரப்பிவிட்டுப் போய்விடும். அடுக்கு மழை பெரிய பரப்பில் விடாமல் பெய்யும். சிந்துவின் கிளை ஆறுகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிரம்பும். மழையின் அளவை மட்டும் பார்த்தால் போதாது, வகையையும் பார்க்க வேண்டும் என்று ஹௌஸ் வலியுறுத்தியது இதற்காகத்தான். பீட்டர் வெப்ஸ்டரும் அவருடைய குழுவினரும் தனியாக ஆராய்ந்து, ஐரோப்பிய முன்கணிப்பு மாதிரியில் இந்த மழை ஆறு முதல் எட்டு நாள் முன்பே தெரிந்திருக்கும் என்று காட்டினார்கள். அந்த ஆறு நாள் எத்தனை குடும்பங்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 5-ஆம் தேதி இரவு, லடாக்கின் லே நகரம். 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் குளிர்ப் பாலைவனம். ஆண்டு முழுவதும் பெய்தாலே 10 சென்டிமீட்டர் அளவுதான். அங்கே நள்ளிரவில் சேறும் பாறையும் இறங்கி 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செய்திகள் 'மேகவெடிப்பு' என்றன. ஓர் இடத்தில் திடீரென்று மேகம் உடைந்து கொட்டியது போன்ற சொல் அது. ராஸ்முஸனும் ஹௌஸும் செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார்கள். மூன்று நாள் தொடர்ந்து, பகல் வெயிலில் திபெத்திய பீடபூமியின் மேல் மேகங்கள் எழுந்து, ஒன்றுசேர்ந்து, மேல்மட்டக் காற்றோடு மேற்கே நகர்ந்திருந்தன. மூன்றாம் நாள் அந்தக் கூட்டம் பீடபூமியின் விளிம்புக்கு வந்தபோது, கீழேயிருந்து அரபிக்கடல், வங்காள விரிகுடா ஈரம் மலைச்சரிவில் ஏறி அதற்குத் தீனி போட்டது. புயல் கடல் பக்கத்திலிருந்து வரவில்லை, மலைக்குப் பின்னாலிருந்து வந்தது! லே நகரின் மழைமானியில் பதிவானதோ அந்த அழிவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத சிறு அளவு. கொட்டியது ஊருக்கு மேலே, மானி இல்லாத சரிவுகளில்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இப்படி மூடி திறக்கும் கதை தென்மேற்குப் பருவமழையில் நடப்பதில்லை. வால்பாறைக்காரர்களுக்கு இது தெரியும்: ஆனி ஆடியில் நாள்கணக்காக விடாமல் பெய்யும், இடிச்சத்தம் அதிகம் கேட்காது, இடியெல்லாம் ஐப்பசியில்தான். தென்மேற்குப் பருவக்காற்றில் அங்கே வரும் மேகங்கள் தாழ்ந்தவை. அவற்றில் பனி குறைவு, பனி குறைந்தால் மின்னலும் குறைவு. நீர்த்துளிகளே ஒன்றோடொன்று சேர்ந்து மழையாகின்றன. மழை தொடங்குவதும் மலையில் இல்லை. 1984-ல் ராபர்ட் கிராஸ்மேனும் டேல் டரனும் சொன்னதுபோல, மலைத்தொடரின் தாக்கத்தைக் காற்று கடலுக்கு மேலேயே உணர்ந்து, மெல்ல ஏறத் தொடங்கிவிடுகிறது. கரைக்கு வருமுன்பே மேகம் கூடிவிடும். ஹௌஸ் 2012-ல் மலையும் மழையும் பற்றித் தொகுத்து எழுதிய நீண்ட கட்டுரையில் இந்த மலைத்தொடரையும் எடுத்துப் பேசுகிறார்.

தாழ்ந்த, பனி குறைந்த மேகம் என்பதில் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. நுண்ணலையில் பார்க்கும் பல செயற்கைக்கோள் கருவிகள், நிலத்தின் மேல் பெய்யும் மழையை மேகத்தில் உள்ள பனியை வைத்துத்தான் மதிப்பிடுகின்றன. பனி நிறைய இருந்தால் கனமழை, இல்லாவிட்டால் லேசான மழை என்று கணக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையில் அந்தக் கணக்கு பொய்த்துப்போகிறது; கொட்டும் மழையைத் தூறல் என்று எழுதிவிடுகிறது. ஷோய்ச்சி ஷிகேயும் அவருடைய ஜப்பானியக் குழுவினரும் இதைக் கண்டறிந்து மலைப்பகுதிகளுக்குத் தனிக் கணக்குமுறை வகுத்தார்கள். தரை ரேடாரை நம்பலாம் என்றால், அதன் அலையை முதல் மலையே மறித்துவிடும். பின்னால் உள்ள பள்ளத்தாக்கு அதற்கு இருட்டு. மிஞ்சுவது சரிவில் ஊன்றிய மழைமானிதான். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது என்று நமக்குத் தெரிந்தது, அங்கே ஒரு மானி இருந்ததால்.